கமோர்டாவின் மேகம்: தொலைநோக்கியில் ஒளியின் தளம் பார்த்த வரலாறும் வழிமுறைகளும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சொன்ன அந்த வாக்கு வானியலுக்கும் அப்படியே பொருந்தும். தொலைநோக்கியில் தெரிகிற ஒளியைக் கண் பார்க்கிறது. ஆனால் அந்த ஒளி கொண்டுவருகிற சேதியில் ஒரு பகுதி கண்ணுக்கு எட்டாது. அதைத் தீர விசாரித்தறிய மனிதனுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த விசாரணையில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. நாம் வாழும் இந்தத் தீவுக்கூட்டத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

அந்தமான் வரலாறு என்றால் காலாபானி, செல்லுலார் சிறை, ஜப்பானியர் ஆட்சி, 2004 ஆழிப்பேரலை என்று நம் பிள்ளைகள் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். 1875-ஆம் ஆண்டில் உலகின் தேர்ந்த ஒளியியல் அறிஞர்கள் சிலர் நிக்கோபாரில் உள்ள கமோர்டாத் தீவுக்குக் கருவிகளோடு வந்து காத்திருந்த கதை அந்த வரிசையில் வருவதில்லை. அதை முன்வைத்து, தொலைநோக்கியில் ஒளியின் தளத்தைப் பார்க்கும் கலை எப்படி வளர்ந்தது, இன்று அதை நாமே செய்துபார்க்க என்ன வழி என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒளிக்கு மூன்றாவது குணம்

ஒளிக்குப் பிரகாசம் உண்டு, நிறம் உண்டு. இந்த இரண்டையும் கண் அறியும். மூன்றாவதாக, ஒளி அலை எந்தப் பக்கமாக அதிர்கிறது என்கிற திசையும் உண்டு. இரண்டு பேர் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழுமாக ஆட்டலாம், இடவலமாகவும் ஆட்டலாம். நடுவில் செங்குத்துக் கம்பிகள் கொண்ட ஜன்னல் ஒன்று இருந்தால் மேல்கீழ் அதிர்வு அதன் வழியே போகும், இடவல அதிர்வு தடைபடும். சூரியனிலிருந்து நேராக வரும் ஒளியில் எல்லாத் திசை அதிர்வும் கலந்திருக்கும். ஏதோ ஒரு திசை மிகுந்திருந்தால் அதைத் தளவிளைவு பெற்ற ஒளி என்று நம் பாடநூல் சொல்கிறது. கல்லூரியில் போலரைசேஷன் என்று படித்தது இதைத்தான்.

தேனீக்கு இது கண்ணால் தெரியும். வானத்து ஒளியின் அதிர்வுத் திசையைப் பார்த்து அது வழி அறிகிறது. மனிதனுக்கோ ஒரு கருவி வேண்டும். 1808-இல் பாரிஸ் நகரில் மலூஸ் என்பவர் கால்சைட் படிகம் ஒன்றின் வழியே, லக்சம்பர்க் அரண்மனையின் ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் தெறித்த மாலை வெயிலைப் பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப, அதில் தெரிந்த இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்கியது, மற்றது பிரகாசமானது. பிரதிபலிக்கும் ஒளி தளவிளைவு பெறுகிறது என்பது அன்று தெரிந்தது. சில ஆண்டுகளில் அரகோ இதைத் தொலைநோக்கியோடு இணைத்து நிலாவையும் சூரியனையும் சோதித்தார். 1815-இல் புரூஸ்டர் அந்தக் கோணத்தின் விதியைச் சொன்னார். தண்ணீருக்கு அது செங்குத்திலிருந்து சுமார் 53 பாகை.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். ஒரு பொருள் தானாக ஒளிர்கிறதா, பிறர் ஒளியை வாங்கித் திருப்பி அனுப்புகிறதா என்பதை தூரத்திலிருந்தே சொல்ல இது ஒரு வழி. பட்டுத் தெறித்த ஒளியும் சிதறிய ஒளியும் பெரும்பாலும் தளவிளைவு கொண்டிருக்கும். சாதாரணமாகச் சூடேறி ஒளிரும் வாயு அப்படி இருக்காது. ஆகவே வானியலாருக்கு இது துப்பறியும் கருவி.

குண்டூர், 1868

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய வழக்கு ஒன்று இருந்தது. முழுச் சூரிய கிரகணத்தின்போது கருவட்டத்தைச் சுற்றி வெள்ளி போல் ஒளிரும் கரோனா, அதாவது ஒளிவட்டம், உண்மையில் சூரியனைச் சேர்ந்ததா? அல்லது நிலாவின் விளைவா, நம் காற்றுமண்டலத்தின் மாயமா? தளவிளைவைச் சோதித்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். ஒருவர் ‘இருக்கிறது’ என்றார், இன்னொருவர் ‘இல்லை’ என்றார், மூன்றாமவர் ‘இருக்கிறது, ஆனால் திசை வேறு’ என்றார். 1860-இல் ஸ்பெயினில் பிரஸ்மோவ்ஸ்கி என்பவர், கரோனா பலமான தளவிளைவு கொண்டது, செந்தழல்களுக்கு அது இல்லை என்று கண்டார். ஆனாலும் வழக்கு முடியவில்லை.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். கிரகண நேரத்தில் நிழலுக்கு வெளியே உள்ள பிரகாசமான வானத்திலிருந்து ஒளி சிதறி வருகிறது. அந்த ஒளிக்கும் தளவிளைவு உண்டு. அது கரோனாவின் மேல் திரைபோல விழும். போதாக்குறைக்குத் தொலைநோக்கியின் கண்ணாடிகளும் தம் பங்குக்குக் கலப்படம் செய்யும். எது கரோனாவுடையது, எது வானத்துடையது, எது கருவியுடையது என்று பிரிக்காமல் சொன்ன சாட்சி எப்படி நிற்கும்?

1868 ஆகஸ்ட் 18-ஆம் நாள் முழுக்கிரகணத்தின் பாதை தென்னிந்தியாவின் குறுக்கே சென்றது. அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் மேஜர் டெனன்ட் தலைமையில் ஒரு குழு முகாமிட்டது. பிரான்ஸ் நாட்டு ஜான்சனும் அதே ஊரில் இருந்தார். முழுமறைப்பு ஐந்து நிமிடத்துக்கும் மேல் நீடித்தது. ஹீலியம் என்ற தனிமத்தின் கதை தொடங்கியது இந்தக் கிரகணத்தில்தான் என்பது பலருக்குத் தெரியும். அதே குழுவில் நில அளவைத் துறையைச் சேர்ந்த பிரான்ஃபில் என்னும் அதிகாரிக்குத் தளவிளைவு பார்க்கும் பொறுப்பு தரப்பட்டிருந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. கரோனா முழுவதும் பலமான தளவிளைவு இருக்கிறது, அதன் தளம் எங்கும் சூரிய மையத்தின் வழியே செல்கிறது, செந்தழல்களுக்குத் தளவிளைவு இல்லை என்று அவர் அறிக்கை தந்தார். ஜம்கண்டியில் இருந்த ஹெர்ஷல் குழுவில் காம்ப்பெல் என்பவரும் கரோனாவின் தளவிளைவைக் கண்டார்.

இதன் எடையைப் பாருங்கள். வானத்திலிருந்து வந்த கலப்படமாக இருந்தால், அந்தச் சிறு பரப்பு முழுவதும் திசை ஒன்றாகவே இருக்கும். சூரியனைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால்போலத் திசை மாறிக்கொண்டே வந்தால், அதன் காரணம் சூரியனில்தான் இருக்க வேண்டும். கரோனாவில் உள்ள ஏதோ ஒன்று சூரிய ஒளியை வாங்கிச் சிதறடிக்கிறது, செந்தழல் தானாக ஒளிர்கிறது. ஒரே பார்வையில் இரண்டு தீர்ப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். பழைய அறிக்கைகளில் ‘தளவிளைவுத் தளம்’ என்று எழுதியது, இன்று நாம் சொல்லும் மின்புல அதிர்வுத் திசைக்குச் செங்குத்தானது. அவர்கள் ‘தளம் மையத்தின் வழியே’ என்றதும், இன்றைய நூல்கள் ‘அதிர்வு விளிம்புக்கு இணையாக’ என்பதும் ஒரே உண்மையின் இரு பேச்சு. இதை மறந்துவிட்டுப் பழைய குறிப்பைப் படித்தால் தொண்ணூறு பாகை தவறிப்போகும்.

அவிநாசி முதல் யாழ்ப்பாணம் வரை, 1871

மூன்றே ஆண்டில், 1871 டிசம்பர் 12 அன்று, இன்னொரு முழுக்கிரகணம் நம் மண்ணின் மேலேயே வந்தது. மலபார் கரையில் பேக்கல் கோட்டை, நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று அதன் நிழல் நடந்தது. பேக்கலில் லாக்யர், நீலகிரியின் சோலூரில் ஜான்சன், அவிநாசியில் சென்னை வானாய்வகத்தின் போக்சன் ஆகியோர் இருந்தனர். கரோனா ஒளியில் சூரிய நிறமாலையின் கருங்கோடுகளை ஜான்சன் கண்டார். கரோனாவின் ஒளியில் ஒரு பகுதி சூரியனிடமிருந்து வாங்கிய ஒளி என்பதற்கு அது வேறொரு வழியில் கிடைத்த சாட்சி. குண்டூரில் தளவிளைவு சொன்னதை இங்கே நிறமாலை வழிமொழிந்தது.

இந்தக் காலத்தில் சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியை இங்கே நினைக்கவேண்டும். 1868 கிரகணத்தை வனபர்த்தியிலிருந்து பார்த்தவர் அவர். 1874 டிசம்பர் 9 வெள்ளி இடைமறிப்பு பற்றித் தமிழ் உள்ளிட்ட நம் நாட்டு மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். பஞ்சாங்கக் கணக்கைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும் என்று வாதாடினார். ‘தீர விசாரிப்பதே மெய்’ என்பதை வானியலில் செய்துகாட்டிய நம்மவர் அவர்.

கமோர்டா, 1875 ஏப்ரல் 6

இனி நம் தீவுக்கு வருவோம். 1869-இல் நிக்கோபாரைத் தம் வசம் எடுத்துக்கொண்ட பிரிட்டிஷ் அரசு, நான்கௌரித் துறைமுகத்தை ஒட்டிக் கமோர்டாவில் ஒரு கைதிக் குடியிருப்பை நடத்தி வந்தது. 1888-இல் அது கைவிடப்பட்டது. அந்தக் குடியிருப்பு இருந்த நாளில், 1875 ஏப்ரல் 6-ஆம் தேதி முழுக்கிரகணத்தின் பாதை நிக்கோபாரின் மேலாகச் சென்று, சயாம் நாட்டை அடைவதாக இருந்தது. லண்டன் ராயல் சொசைட்டி இரண்டு இடங்களுக்குக் குழு அனுப்பியது. சயாமுக்கு ஆர்தர் ஷூஸ்டர். கமோர்டாவுக்கு ரஃபேல் மெல்டோலா.

கமோர்டாவில் கூடியவர்கள் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். மெல்டோலா சாயப்பொருள் வேதியியலில் பின்னாளில் பெரும் பெயர் எடுத்தவர். கல்கத்தா நில அளவைத் துறையின் புகைப்படப் பிரிவைச் சேர்ந்த கேப்டன் வாட்டர்ஹவுஸ் வந்தார். வெள்ளி இடைமறிப்பைப் பார்க்க வங்காளம் வந்திருந்த இத்தாலிய வானியலாளர் தக்கீனி வந்தார். ஜெர்மனியிலிருந்து ஹெர்மன் ஃபோகல் வந்தார். புகைப்படத் தகட்டில் சாயம் சேர்த்தால் அது பச்சை, மஞ்சள் போன்ற நிறங்களையும் பதியும் என்று 1873-இல் கண்டுபிடித்தவர் அவர்தான். மருந்துக்கும் ஒரு கடை இல்லாத தீவில், ஒளியைப் பதிவுசெய்யும் கலையின் முன்னோடிகள் ஒன்றாகக் கூடியிருந்தார்கள். கிரகண ஒளியின் நிறமாலையைப் படம் பிடிப்பது அவர்களின் முக்கிய வேலை.

முழுமறைப்பு சுமார் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்காக மாதக்கணக்கில் பயணம், மூட்டை மூட்டையாகக் கண்ணாடிப் பொருள், இருட்டறை, மருந்துத் தண்ணீர். நாள் வந்தது, வேளையும் வந்தது. மேகமும் வந்தது. கமோர்டாக் குழுவின் உழைப்பு வீணாயிற்று.

சயாமில் வானம் ஓரளவு கைகொடுத்தது. அங்கே படமெடுத்துத் திரும்பிய ஷூஸ்டர் 1879-இல் கரோனாவின் தளவிளைவுக்கு ஒரு கணக்கு எழுதினார். மிகச் சிறிய துகள்கள் சூரிய ஒளியைச் சிதறடித்தால் மையத்திலிருந்து தள்ளிப்போகப் போகத் தளவிளைவின் அளவு எப்படி மாறும் என்று காட்டினார். எலெக்ட்ரான் என்ற ஒன்று 1897-இல்தான் நிரூபணமானது. கரோனாவில் ஒளியைச் சிதறடிப்பவை பெரும்பாலும் அந்த எலெக்ட்ரான்களே என்பது பிற்காலத் தெளிவு. ஷூஸ்டரின் கணக்கு அதற்கு முன்பே பாதை போட்டுவிட்டது.

ஒரே கிரகணம். ஒரு கரையில் மேகம், மறுகரையில் தெளிவு. கமோர்டாவுக்குப் பக்கத்திலேயே கச்சல் தீவு இருக்கிறது. 1970-களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்த தீவு அது. 2000 ஜனவரி 1 அன்று புத்தாயிரத்தின் முதல் சூரியோதயம் என்று உலகம் பேசியதும் அதே கச்சல்தான். 2004-இல் கடல் வந்து அடித்ததும் அதே கச்சல்தான். வானம் பார்க்க வந்தவர்களும், பிழைப்பைத் தேடி வந்த நம்மவர்களும் கால் வைத்த மண் அருகருகே இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

கப்பலில் ஒரு பட்டகம்

சென்னையிலிருந்து இங்கே வரும் மூன்று நாள் கப்பல் பயணம் நமக்குப் பழக்கம். நடுக்கடலில் தண்ணீர் கருநீலமாகத் தெரிவதைப் பார்க்காதவர் யார்? வானத்தின் நீலம்தான் கடலில் தெரிகிறது என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். 1921-இல் இங்கிலாந்திலிருந்து ‘நார்குண்டா’ கப்பலில் திரும்பிய சி.வி. ராமன் அதை நம்பவில்லை. கையிலிருந்த நிக்கல் பட்டகத்தின் வழியே, புரூஸ்டர் கோணத்தில் கடலைப் பார்த்தார். பட்டகத்தைத் திருப்பி, மேற்பரப்பில் பட்டுத் தெறித்த வானொளியை அடியோடு மறைத்தார். நீலம் மறையவில்லை, இன்னும் அழகாகத் தெரிந்தது. நீலம் தண்ணீருக்குள்ளேயே ஒளி சிதறுவதால் வருகிறது. அந்தச் சிந்தனையின் தொடர்ச்சிதான் 1928-இன் ராமன் விளைவு.

அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். வெப்பம் மிகுந்த விண்மீன்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளி சுமார் 11 சதவீதம் வரை தளவிளைவு பெற்றிருக்கும் என்று 1946-இல் கணக்கிட்டார். இரட்டை விண்மீன்களில் ஒன்று மற்றதை மறைக்கும்போது விளிம்பு ஒளி மட்டும் மிஞ்சுமே, அப்போது பாருங்கள் என்றார். அமெரிக்காவில் ஹில்ட்னர், ஹால் இருவரும் பார்த்தார்கள். தளவிளைவு கிடைத்தது. ஆனால் மறைப்பு நேரத்தில் மட்டுமல்ல, எந்நேரமும் அதே அளவு கிடைத்தது. வேறு விண்மீன்களிலும் கிடைத்தது. கருவியின் தவறோ என்று தனித்தனியாகச் சோதித்த பின், 1949-இல் அறிவித்தார்கள். இது விண்மீனுடையதல்ல, வழியிலுள்ள தூசியுடையது. விண்மீன் மண்டலத்தின் காந்தப்புலம் அந்தத் தூசித் துகள்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. வேறொன்றைத் தேடப்போய் பால்வீதியின் காந்தப்புலமே அகப்பட்டது. 1953-இல் சந்திரசேகரும் ஃபெர்மியும் இந்தத் தளவிளைவை வைத்தே அந்தப் புலத்தின் வலிமையை மதிப்பிட்டார்கள். சந்திரசேகர் முதலில் சொன்ன விளைவு அல்கால் விண்மீனில் 1983-இலும், வேகமாகச் சுழலும் மகம் விண்மீனில் 2017-இலும் அளக்கப்பட்டது. எழுபது ஆண்டு காத்திருந்த கணக்கு.

மூன்றாமவர் பஞ்சரத்தினம். பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்தில் இருந்தவர். ஒளியின் அதிர்வை மாற்றும் படிகத் தகடு ஒரு நிறத்துக்குச் சரியாக இருந்தால் இன்னொரு நிறத்துக்குத் தவறும். மூன்று தகடுகளைக் குறிப்பிட்ட கோணங்களில் அடுக்கினால் பல நிறங்களுக்கும் ஒன்றுபோல் இயங்கும் என்று 1955-இல் அவர் காட்டினார். வானியல் தளவிளைவுமானிகளில் அந்த அடுக்கு இன்றும் பயன்படுகிறது. 1969-இல், முப்பத்தைந்து வயதில் அவர் மறைந்தார்.

கொடைக்கானலும் காவலூரும்

1908-இல் அமெரிக்காவில் ஹேல், சூரியப் புள்ளியின் நிறமாலைக் கோடுகள் பிளவுபடுவதையும் அவற்றின் தளவிளைவையும் பார்த்து, அங்கே காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்தார். 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் வானாய்வகம் இந்தத் துறையில் 1960-களில் இறங்கியது. வைணு பாப்பு இயக்குநராக இருந்த அந்நாளில், ஜே.சி. பட்டாச்சார்யா சூரிய காந்தப்புலமானியை அங்கே உருவாக்கினார்.

அங்கே ஒரு சிக்கல். கொடைக்கானல் சூரியக் கோபுரத்தில் வெயிலை மூன்று சாய்ந்த கண்ணாடிகள் பிடித்துச் சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. சாய்ந்த கண்ணாடி எதுவானாலும் தளவிளைவைத் தானே உண்டாக்கும். சூரியன் நகர நகரக் கோணம் மாறும், பிழையும் மணிக்கு மணி மாறும். அந்தப் பிழையைக் கணக்கிட்டுக் கழிப்பது எப்படி என்று பாலசுப்பிரமணியம், வெங்கடகிருஷ்ணன், பட்டாச்சார்யா மூவரும் 1985-இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். கருவி பொய் சொல்லும், அந்தப் பொய்யின் அளவைத் தெரிந்துகொண்டால் போதும் என்பதே இதன் சாரம்.

ஜவ்வாது மலையில் காவலூர் 1968-இல் சிறிய அளவில் தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வந்தன. தளவிளைவுமானி பொருத்தி விண்மீன்களைச் சுற்றியுள்ள தூசியை ஆராயும் பணி அங்கே நடந்துவருகிறது. இதில் நமக்கு ஒரு சொந்தமும் உண்டு. காவலூரின் அட்சரேகை ஏறக்குறைய 12½ பாகை. போர்ட் பிளேயர், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், 11¾ பாகையை ஒட்டி இருக்கிறது. அங்கே உச்சிக்கு வரும் விண்மீன்தான் இங்கேயும் உச்சிக்கு வரும். சுமார் 55 நிமிடம் முன்பாகவே நமக்கு வந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

2023 செப்டம்பர் 2-இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 கலத்தில், இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அமைத்த கரோனா ஆய்வுக் கருவி இருக்கிறது. தளவிளைவு அளக்கும் வசதியும் அதில் உண்டு. கிரகணத்துக்குக் காத்திராமல், மேகத்துக்கு அஞ்சாமல் கரோனாவைப் பார்க்கலாம். 2024 ஜனவரி 1-இல் ஏவப்பட்ட எக்ஸ்போசாட், எக்ஸ் கதிரின் தளவிளைவை அளக்கிறது. அதிலுள்ள போலிக்ஸ் கருவி ராமன் ஆய்வு நிலையம் கட்டியது.

நாமே செய்து பார்க்க

ஒரு சிறு தொலைநோக்கி, ஒரு போலராய்டு தகடு, படம் பதியும் கேமரா இருந்தால் நம் இளைஞர்கள் தொடங்கிவிடலாம். வரலாறு கற்றுக்கொடுத்த பாடங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எச்சரிக்கை. போலராய்டு வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது. இரண்டு தகட்டைக் குறுக்காக வைத்து இருட்டாக்கினாலும் அகச்சிவப்புக் கதிர் உள்ளே வந்து கண்ணைக் கெடுக்கும். கிரகணத்தன்றும் இதே விதிதான்.

ஒன்று, தகட்டின் அச்சைத் தெரிந்துகொள்ளுங்கள். குளத்துத் தண்ணீரிலோ பளபளப்பான தரையிலோ தெறிக்கும் ஒளியில் அதிர்வு கிடைமட்டமாக இருக்கும். பார்வை கிடைமட்டத்திலிருந்து சுமார் 37 பாகை கீழே சாயட்டும். தெறிப்பு மறையும்வரை தகட்டைத் திருப்புங்கள். அப்போது அச்சு செங்குத்து. ஒரு கோடு போட்டு வையுங்கள். முப்பரிமாணத் திரைப்படக் கண்ணாடி இதற்கு ஒத்துவராது. அதில் வேறொரு படலமும் ஒட்டியிருக்கும்.

இரண்டு, தொலைநோக்கியில் ஒளியை மடக்கும் கண்ணாடி வேண்டாம். பார்க்க வசதியாக 45 பாகையில் வைக்கும் துண்டுக் கண்ணாடியே சில சதவீதம் பொய்த் தளவிளைவைச் சேர்த்துவிடும். கொடைக்கானல் சிக்கலின் சின்ன வடிவம் இது. லென்ஸ் வைத்த நேர்க்குழல் தொலைநோக்கியோ காஸ்கிரெய்ன் வகையோ நல்லது. தகட்டைக் கேமராவுக்கு முன்னால் வையுங்கள்.

மூன்று, 0, 45, 90, 135 என நான்கு கோணத்திலும் படம் எடுங்கள். ஒரு விண்மீனின் பிரகாசம் முறையே 1200, 1150, 1000, 1050 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 0-வுக்கும் 90-க்கும் வித்தியாசம் 200. 45-க்கும் 135-க்கும் வித்தியாசம் 100. மொத்தம் 2200. 200-இன் வர்க்கமும் 100-இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 224. அதை 2200-ஆல் வகுத்தால் தளவிளைவு சுமார் 10 சதவீதம். திசை 13 பாகைக்குச் சற்று மேல். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட முதல் பாதிக் கணக்கைப் போட்டுவிடும்.

நான்கு, தெரிந்த பொருளை முதலில் பாருங்கள். சுவாதி போன்ற அருகிலுள்ள விண்மீன்களுக்குத் தளவிளைவு ஏறக்குறைய இல்லை. அதில் 2 சதவீதம் வந்தால் அது உங்கள் கருவியின் பொய். அதைக் கழித்த பிறகே அடுத்த விண்மீனுக்குப் போகவேண்டும்.

ஐந்து, பக்கத்து வெற்று வானத்தையும் அளந்து கழியுங்கள். நிலா இருக்கும் இரவில் அதிலிருந்து 90 பாகை தள்ளி வானம் மிகுந்த தளவிளைவு கொண்டிருக்கும். பிரான்ஃபிலுக்கு முன்னால் பலரைக் குழப்பியது இதுபோன்ற வானத்து ஒளிதான்.

ஆறு, மேகம். நான்கு படத்துக்கும் இடையில் மெல்லிய மேகம் கடந்தால் கணக்கே கெடும். பெரிய ஆய்வகங்களில் கால்சைட் பட்டகத்தால் ஒளியை இரண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் அளப்பது இதற்காகத்தான். நமக்கு எளிய வழி, வரிசையைப் பலமுறை திரும்ப எடுப்பது. ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நமக்கு வாய்ப்பான காலம்.

ஏழு, அளவு சிறிதானால் எண்ணிக்கை பெரிதாக வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கைக் காணப் பத்து லட்சம் ஒளித்துகள்களாவது பதிவாக வேண்டும். தளவிளைவின் அளவு ஒருபோதும் மைனஸில் போகாது. ஆகவே வெறும் இரைச்சலும் ‘கொஞ்சம் இருக்கிறது’ என்றே காட்டும். ஏமாறக்கூடாது.

எட்டு, நம் தீவுக்கே உரிய தொல்லை. உப்புக் காற்றும் ஈரமும் லென்ஸில் பூஞ்சை பிடிக்க வைக்கும், போலராய்டின் ஒட்டுப் படலத்தைப் பெயர்க்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிடுங்கள்.

தொடக்கத்துக்கு விண்மீன் வேண்டாம், அஷ்டமி நிலா போதும். அன்று நிலா சூரியனிலிருந்து ஏறத்தாழ 90 பாகை தள்ளி இருக்கும். வளர்பிறை அஷ்டமி மாலையில், வெளிச்சம் இருக்கும்போதே போலராய்டைத் திருப்பிப் பாருங்கள். வானம் கறுக்கும், நிலா பளிச்சென்று எழும். தொலைநோக்கியில் அளந்தால் நிலாவின் கருந்திட்டுகளில் தளவிளைவு அதிகம், வெண்ணிற மேடுகளில் குறைவு என்பது தெரியும். பௌர்ணமி நாளில் அதே நிலாவில் அநேகமாக ஒன்றும் இராது. இரண்டு வாரம் தொடர்ந்து அளந்து ஒரு வரைபடம் போட்டால் அது ஒரு நல்ல பள்ளித் திட்டப்பணி. தேதி, நேரம், கோணம், வானநிலை நான்கையும் நோட்டில் எழுதாமல் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை.

நிறைவாக

கமோர்டாவில் நான்கு நிமிடத்தை மேகம் கொண்டுபோனது யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் வந்தவர்கள் மேகத்துக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பார்க்கவில்லை என்று எழுதிவைத்தார்கள். ஹில்ட்னரும் ஹாலும் தாம் தேடியது கிடைத்துவிட்டதாக அவசரப்பட்டிருந்தால் பால்வீதியின் காந்தப்புலம் கைநழுவிப் போயிருக்கும். கருவியின் பொய்யைக் கழித்து, வானத்தின் கலப்படத்தைக் கழித்து, மிஞ்சியதை மட்டும் சொல்வது தளவிளைவு அளப்பவர்களின் ஒழுக்கம். செவிவழிச் செய்தி கணத்தில் ஊரைச் சுற்றிவரும் இந்நாளில் அந்த ஒழுக்கம் நம் பிள்ளைகளுக்கு வானியலைத் தாண்டியும் தேவைப்படுகிறது.

தாய்மண்ணைவிட்டுக் கடல் கடந்து வந்த நாம் பிள்ளைகளுக்குத் தமிழைக் கொடுக்கிறோம், கோயிலைக் கொடுக்கிறோம், பொங்கலும் பாட்டும் கொடுக்கிறோம். கூடவே அறிவியலைத் தமிழில் பேசும் பழக்கத்தையும் கொடுக்கவேண்டும். நம் சங்கங்கள் ஒரு சிறு தொலைநோக்கியும் நாலு போலராய்டு தகடும் வாங்கி வைத்தால், அடுத்த அஷ்டமிக்கே மொட்டைமாடியில் பிள்ளைகளைக் கூட்டலாம். கமோர்டாவில், கச்சலில் உள்ள நம் குடும்பத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். 1875-இல் அங்கே எழுதாமல் போன பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. நம் பிள்ளைகள் எழுதட்டும்.